சத்தம் இருக்கு, பிரேக் இருக்கா?

ராத்திரி 11 மணி. கிழக்கு கடற்கரை சாலை. கடையை மூடிவிட்டு மொபெட்டில் வீடு திரும்புகிறார் ஒரு பெட்டிக்கடைக்காரர். பின்னால் பட்டாசு வெடிப்பது போல "டமார், டமார்" என்று சத்தம். அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் ஒரு சின்னக் கார் உரசுகிற மாதிரி பறந்து விடுகிறது. மொபெட் ஆட, காலை ஊன்றி நிற்கிறார். நெஞ்சு படபடப்பு அடங்க 10 நிமிஷம்!

காருக்குள் இருப்பது யார்? கோடீஸ்வரன் மகன் என்று நினைத்தால் தப்பு. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, மீதிக்குக் கடன் வாங்கி, பழைய சுவிப்ட்டோ போலோவோ வாங்கிய தம்பிதான் பெரும்பாலும். சின்ன வண்டி, எடை குறைவு, மிதித்தால் சீறும். அதன் மேல் அவனுக்கு உயிர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஜி.பி. ரோடு, இல்லாவிட்டால் புதுப்பேட்டை.

அங்கே அவன் முதலில் வாங்குவது சைலன்சர். அடுத்தது பெரிய வீல். பிறகு வண்டி தாழ்வாகத் தெரிய ஸ்பிரிங்கையே வெட்டி விடுகிறார்கள். (நம்ம ஊர் வேகத்தடையில் அடிவயிறு தட்டும்போது தெரியும் சேதி!) கையில் இன்னும் காசு இருந்தால் என்ஜின் கம்ப்யூட்டரில் கணக்கை மாற்றி எழுதுவது. டர்போ என்ஜினில் இதனால் பலம் நன்றாகவே கூடும். டர்போ இல்லாத என்ஜினில் கூடுவது கொஞ்சம்தான். சத்தம் மட்டும் ஊரைக் கூட்டும்.

பிரேக்? அதைப் பற்றிப் பேச்சே இல்லை. டயர் வழுக்கையாகி இருக்கும். பிரேக் கட்டை தேய்ந்திருக்கும். இதற்குச் செலவு செய்தால் யார் பார்க்கப் போகிறார்கள்?

கணக்கைப் பாருங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. 120-ல் 33 மீட்டர். குறுக்கே ஆள் வருவதைக் கண்டு காலை பிரேக்குக்குக் கொண்டு போகவே ஒரு விநாடி ஆகி விடும். மிதித்த பிறகும் கார் உடனே நிற்காது. வேகம் இரண்டு மடங்கானால் நிற்கத் தேவைப்படும் தூரம் நாலு மடங்கு. நல்ல பிரேக்குக்கே இந்தக் கணக்கு என்றால் தேய்ந்த பிரேக்குக்கு?

சட்டமும் சும்மா இல்லை. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். ரோட்டில் ரேஸ் விட்டால் அது தனி வழக்கு. இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் மாற்றியிருந்தால், கார் நொறுங்கிய பிறகு பணம் கேட்டுப் போகும்போது கையை விரிக்க அவர்களுக்கு அதுவே ஒரு காரணம்.

ஆனால் மாட்டுவது தம்பி மட்டும்தான். அந்தச் சைலன்சரைப் பட்டப்பகலில் விற்றவரை, மாட்டிக் கொடுத்தவரை யார் கேட்கிறார்கள்? எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்று ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் தமிழில் ஒரு போர்டு வைத்தால் என்ன? வேறு கலர் அடித்தால் கூட ஆர்.சி.யில் பதிய வேண்டும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

வேக ஆசை பாவம் இல்லை. சோழவரம் பழைய விமானத் தளத்தில் பியட்டும் ஹெரால்டும் சீறியதைப் பார்க்க ஜனம் திரண்டு போன ஊர் இது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் அதற்கென்றே பாதை வந்தது. 2024-ல் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரி ரேஸே நடந்தது, ரோட்டை அடைத்து, வேலி போட்டு, ஆம்புலன்சை நிறுத்தி வைத்து.

இருங்காட்டுக்கோட்டையில் எதிரே லாரி வராது. மொபெட்டில் கடைக்காரர் வர மாட்டார். மாதம் ஒரு ஞாயிறு, சாதாரணச் சம்பளக்காரனுக்கும் கட்டுப்படியாகும் கட்டணத்தில், சொந்தக் காரோடு வரும் இளைஞர்களுக்கு அந்தப் பாதையைத் திறந்து விட வேண்டும். கேட்டில் நிறுத்தி பிரேக்கையும் டயரையும் பார்த்த பிறகே உள்ளே விடட்டும். விளையாட்டுத் துறையும் போக்குவரத்துப் போலீசும் ரேஸ் சங்கத்தோடு உட்கார்ந்து பேசினால் முடிகிற காரியம்தான். எப்போது பேசப் போகிறார்கள்?