முதலில் லென்ஸ், அப்புறம் பாடி

டெல்லி சாந்தினி சௌக்கின் கூச்சா சௌத்ரி காமிரா மார்க்கெட்டில் நுழையும் இளம் கல்யாண போட்டோகிராபருக்குத் தீராத குழப்பம் ஒன்று உண்டு. சேர்த்த பணத்தில் புது பாடியா, நல்ல லென்ஸா?

லென்ஸ்தான். பாடி சில வருடங்களில் பழசாகிவிடும், விலையும் சரியும். லென்ஸ் அடுத்த பாடிக்கும் உதவும். நிகானின் எஃப் மவுண்ட் 1959ல் வந்தது, கேனனின் இஎஃப் 1987ல். இரு நிறுவனங்களும் 2018ல் மிரர்லெஸ் காமிராக்களுக்காக மவுண்டை மாற்றியபோதுகூட, பழைய லென்ஸ்களைப் பொருத்த அடாப்டர் தந்தன.

காமிராவோடு வரும் 18-55 ஜூம், முகத்தை நெருக்கமாக எடுக்கும்போது எஃப்/5.6க்குச் சுருங்கி, மண்டப வெளிச்சத்தில் திணறும். 50 எம்எம் எஃப்/1.8 அதைவிட ஒன்பது மடங்குக்கும் அதிகமான ஒளியை உள்ளே விடும். பெரிய லென்ஸ்களோடு ஒப்பிட்டால் விலையும் கொஞ்சம்தான்.

மலிவில் ஒரு கண்ணியும் இருக்கிறது. நிகானின் பழைய 'டி' வகை 50 எம்எம் லென்ஸில் மோட்டார் கிடையாது. டி3500, டி5600 போன்ற ஆரம்பநிலை பாடிகளிலும் இல்லை. ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். மணமக்கள் மாலை மாற்றும் நொடி அதுவரை காத்திருக்காது. எஃப்டிஇசட் அடாப்டரிலும் இதே கதைதான். கொஞ்சம் கூடக் கொடுத்து 'ஜி' வகையை வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

பழைய லென்ஸை வாங்குமுன் டார்ச் அடித்து உள்ளே பார்ப்பது அவசியம். சிலந்தி வலைபோலத் தெரிந்தால் பூஞ்சை, பேரமே வேண்டாம். பாடி வாங்கும் முறை வரும்போது கேட்க வேண்டியது ஷட்டர் எண்ணிக்கை. நிகான் டி7200ன் ஷட்டர் ஒன்றரை லட்சம் கிளிக்குகளுக்குச் சோதிக்கப்பட்டது. ஒரே கல்யாணத்தில் ஆயிரக்கணக்கில் கரைந்துவிடும்.