வெடிமருந்து

‘வெடிமருந்து’ என்னும் சொல்லில் அழிவும் நலமும் அருகருகே நிற்கின்றன. நைட்ரோகிளிசரின் என்னும் நீர்மத்திற்கு இச்சொல் முற்றும் பொருந்தும்.

1847ஆம் ஆண்டு இத்தாலிய வேதியியலறிஞர் அஸ்கானியோ சொப்ரேரோ இதனை உருவாக்கினார். சிறு அதிர்ச்சிக்கும் வெடிக்கும் இந்நீர்மத்தை, டயாட்டம் என்னும் நுண்பாசிகளின் ஓடுகள் படிந்த மண்ணில் ஊறச்செய்து, 1867இல் டைனமைட்டாக்கினார் ஆல்பிரட் நோபல். மலையைக் குடையவும் சுரங்கம் அகழவும் அது துணைநின்றது. நீலகிரி அருவங்காட்டுத் தொழிற்சாலையில் உருவான கார்டைட் என்னும் புகையற்ற வெடிமருந்திலும் நைட்ரோகிளிசரின் இடம்பெற்றது.

அதே சேர்மம் நோய்க்கும் மருந்தாயிற்று. நெஞ்சுவலியால் வருந்துவோர்க்கு அது பயன்தருவதை 1879இல் மருத்துவர் வில்லியம் மர்ரெல் வெளியிட்டார். நாவின் அடியில் வைக்கும் மாத்திரையில் அதன் அளவு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. ஆதலின் அது வெடிப்பதில்லை. உடலில் அதிலிருந்து தோன்றும் நைட்ரிக் ஆக்சைடு இரத்தக்குழாய்களைத் தளர்த்தி இதயத்தின் சுமையைக் குறைக்கிறது.

மலையில் பயன்பட்ட வெடி கடலில் கேடாகிறது. இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடாக் கடற்பகுதி 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மீன்கள் முட்டையிட்டு வளரும் பவளத்திட்டுகள் நிறைந்த இடம் அது. அங்கு வெடி வீசினால் மீன்களின் காற்றுப்பை சிதைகிறது. இறந்தவற்றுள் பல மூழ்கிவிடுகின்றன. குஞ்சுகளும் மடிகின்றன, பவளம் நொறுங்குகிறது. டைனமைட்டால் மீன் பிடிப்பதை 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே தடைசெய்தது. எனினும் அத்தீங்கு முற்றும் ஒழியவில்லை.

மீன்வளம் குறைந்து வறுமை வாட்டும்போது எளிய வழியை நாடுவது இயல்பே என்பர் சிலர். வறுமை உண்மை, வழிதான் பிழை. இன்று வெடியால் அள்ளும் மீன் நாளைய வலையிலிருந்து களவாடப்பட்டதே. அதனால் முதலில் பசித்திருப்பவன் வெடியைத் தொடாத சிறுவலை மீனவனே. ஆகவே தண்டனை மட்டும் போதாது. கல்லுடைக்க வாங்கும் வெடிபொருள் கரையை எட்டாதவாறு கணக்கிட வேண்டும். இனப்பெருக்கக் காலத்தில் தொழிலிழக்கும் குடும்பங்களுக்கு உதவித்தொகை போதிய அளவில் உரிய நாளில் சேர வேண்டும். கடலைக் காக்கும் பொறுப்பில் மீனவர் ஊர்களுக்கும் பங்களிக்க வேண்டும்.

அளவும் இடமும் அறிந்து ஆள்வதே அறிவியல். அவ்வறிவு வகுப்பறையோடு நில்லாது கடற்கரைக்கும் செல்லுதல் வேண்டும்.