அளக்கப்படாத கருமை சான்றாகாது

ஆய்வேட்டின் பின்னிணைப்பில் கல்வெட்டு மைப்படியின் படத்தை அச்சிட்டுச் சேர்த்துவிட்டால் சான்று காட்டியாயிற்று என்று கல்விப்புலம் நம்புகிறது. அந்த நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. அளவுத்திருத்தம் செய்யப்படாத இங்க்ஜெட் அச்சுப்பொறி தருவது சான்றன்று. சான்றின் சாயல் மட்டுமே.

ஈரத்தாளைக் கல்லின்மேல் அடித்துப் பதித்து, மேற்பரப்பில் மை ஒற்றி எடுப்பதே மைப்படி. ஆழ்ந்த வெட்டு வெள்ளையாக நிற்கும். கல்லின் முகம் கருக்கும். தேய்ந்த கீற்றோ இடையில் கருஞ்சாம்பலாகத் தங்கும். தமிழ்க் கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி இல்லை. எகர ஏகார வேறுபாடு இல்லை. கால்குறியும் ரகரமும் ஒரே வடிவின. இத்தகைய எழுத்தில் மங்கிய ஒரு கீற்று உண்டா இல்லையா என்பதே சொல்லைத் தீர்மானிக்கிறது.

அச்சுப்பொறியோ 50 விழுக்காடு கருமை கேட்டால் அதை அப்படியே தருவதில்லை. மைத்துளி தாளில் பரவிப் பெருக்கிறது. கேட்டதைவிடக் கருமை கூடுகிறது. தாள் தாங்கும் எல்லையை மீறி மை விழுந்தால், 85க்கும் 100க்கும் இடைப்பட்ட படிகள் ஒரே கறுப்பாக ஒட்டிக்கொள்ளும். தேய்ந்த கீற்று வாழ்வது அந்தப் படிகளில்தான்.

இதற்குத் தீர்வு புதிதன்று. முதலில் தாளுக்குரிய மை எல்லையை வகுக்க வேண்டும். பின்னர் 0 முதல் 100 வரை 5 விழுக்காடு இடைவெளியில் 21 கட்டங்களை அச்சிட்டு, உலரவிட்டு, ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரால் அளந்து, வெளிர்மை சீராக இறங்குமாறு திருத்த வளைகோடு அமைக்க வேண்டும். இதுவே நேரியலாக்கம். ஐசிசி புரொஃபைல் இதற்குப் பின்னரே வரும். தாளோ மையோ மாறினால் மீண்டும் அளக்க வேண்டும். ஆர்கில் சிஎம்எஸ் என்னும் கட்டற்ற மென்பொருளில் இதற்கெனவே ‘பிரிண்ட்கேல்’ என்ற கருவி உண்டு. நேரியலாக்கம் தாளின் கருமை எல்லையை விரிக்காது. இருக்கும் எல்லைக்குள் ஒவ்வொரு படிக்கும் உரிய இடத்தைக் கொடுக்கும்.

‘இது புகைப்பட ஸ்டூடியோக்களின் ஆடம்பரம்’ என்பர். ஒலியியலாளர் ஒலிவாங்கியின் ஏற்ற அளவைக் குறிக்காமல் ஒலியழுத்தத்தை ஒப்பிட்டால் அதை எந்த மதிப்பீட்டாளர் ஏற்பார்? ஸ்பெக்ட்ரோகிராமில் சாம்பல் நிறமே ஆற்றலின் அளவு. அதனைக் கோணலாக அச்சிடுவது தரவைத் திருத்துவதற்கு ஒப்பாகும். ‘திரையில் பார்க்கலாமே’ என்பர். அளக்கப்படாத திரையும் அதே நோயுடையது. நூலகத்தில் அடுத்த தலைமுறை விரிக்கப்போவதோ தாளை. ‘கருவிக்குப் பணமில்லை’ என்பர். துறைக்கொன்று வேண்டாம், நகரத்தின் துறைகள் கூடி ஒன்றைப் பகிரலாம். அதுவும் இயலாவிடில், அளவறிந்த சாம்பல் பட்டையை அருகில் வைத்து ஸ்கேனரில் ஒப்பிடலாம். குறைவான துல்லியம், துல்லியமே இல்லாமையினும் மேல்.

பெங்களூரில் இது வெறும் தொழில்நுட்பச் சிக்கலன்று. பெஞ்சமின் லூயிஸ் ரைஸ் 1905இல் வெளியிட்ட ‘எபிகிராபியா கர்நாட்டிகா’ 9ஆம் தொகுதி இம்மாவட்டத்தின் கல்வெட்டுகளைத் திரட்டியது; தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளும் இந்நகரின் பழைய எழுத்துச் செல்வமே. நகரம் விரிய விரியக் கற்கள் சாலைக்கும் கட்டடத்திற்கும் இரையாகின்றன. 1909இல் தோன்றிய மிதிக் சொசைட்டி எஞ்சியவற்றை முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்து காக்கிறது. அத்தனை உழைப்பில் பெற்ற நுண்மையைக் கடைசிப் படியில் அச்சுப்பொறி விழுங்க விடுவது பொறுப்பின்மை.

ஆகவே கோரிக்கை எளிது. ஆய்வேட்டின் ஒவ்வொரு சான்றுப் படத்தின் கீழும் அச்சுப்பொறி, தாள், மை, அளவுத்திருத்தம் செய்த நாள் ஆகியவை குறிக்கப்பட வேண்டும். ஓரத்தில் 21 படிப் பட்டை அச்சாக வேண்டும். அப்பட்டையின் கடைசிக் கட்டங்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து தெரியாவிடில், அப்படத்தை வைத்து வாதிடப்பட்ட பாடத்தைப் புறத்தேர்வாளர் திருப்பி அனுப்ப வேண்டும்.