சம்பளக்காரர் செய்யும் தர்மம்

'கொடுக்க மனமிருக்கிறது, கையில்தான் இல்லை' என்று சொல்லாத மாதச் சம்பளக்காரர் இல்லை. வீட்டு வாடகை, பிள்ளைகளின் படிப்புச் செலவு, ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் போக, மாதம் முடியுமுன்பே கை காலியாகிவிடுகிறது. பிழைப்புத் தேடிப் பெங்களூர் வந்த நம்மில் பலருக்கு இதுதான் நிலை. ஆனால், உதவி செய்வது பணக்காரர் வேலை என்று முடிவு கட்டிவிடலாமா?

ஸ்ரீவைகுண்டம் குமரகுருபரர் கல்லூரியில் நூலகராக இருந்தவர் கல்யாணசுந்தரம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தம் சம்பளத்தை ஏழைப் பிள்ளைகளுக்கே கொடுத்தார். தம் சாப்பாட்டுக்கு ஓட்டல் வேலை போன்ற சிறு வேலைகளைச் செய்தார். பின்னர் 'பாலம்' என்ற அமைப்பைத் தொடங்கினார். 2023இல் மத்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. அவர் திருமணம் செய்துகொள்ளாதவர். குடும்பஸ்தர்கள் அவரைப் போல முழுச் சம்பளத்தையும் கொடுத்துவிட முடியாது, கொடுக்கவும் வேண்டாம்.

நம் நிலைக்கு இன்னும் நெருக்கமானவர் இதே கர்நாடகத்தில் இருக்கிறார். மங்களூரில் கூடையில் ஆரஞ்சுப் பழம் விற்றவர் ஹரேகள ஹாஜப்பா. பள்ளிக்கூடம் போகாதவர். வெளிநாட்டவர் விலை கேட்டபோது, அவர்கள் மொழி புரியாமல் திகைத்து நின்றார். அந்த நிலை தம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வரக்கூடாது என்று நினைத்தார். பழம் விற்றுச் சேர்த்த காசைப் போட்டு, பலரிடமும் உதவி கேட்டு, ஊரில் பள்ளிக்கூடம் வரச் செய்தார். 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

மொழி தெரியாமல் நிற்கும் வேதனையை நமக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இந்த நகரத்தில் வந்து இறங்கிய முதல் நாள் நம்மில் பலர் அப்படித்தான் நின்றோம். யாரோ ஒருவர் பஸ் நம்பர் சொன்னார். யாரோ ஒருவர் வாடகைக்கு அறை காட்டினார். அந்தக் கடன் இன்னும் தீரவில்லை.

அதைத் தீர்க்க இடம் இருக்கிறது. ஓசூர் சாலையிலுள்ள கித்வாய் புற்றுநோய் மருத்துவமனைக்கும், அருகேயுள்ள நிம்ஹான்சுக்கும் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து நோயாளிகள் வருகிறார்கள். அவர்களில் கன்னடம் தெரியாத, எழுதப் படிக்கத் தெரியாத ஏழைகளும் உண்டு. எந்த வரிசையில் நிற்பது, எந்தச் சீட்டை எங்கே காட்டுவது என்று தெரியாமல் அவர்கள் தவிக்கும்போது, இரண்டு மொழியும் பேசத் தெரிந்த ஒருவர் உடன் இருந்தால் எவ்வளவு ஆறுதல்! மாதத்தில் ஒரு நாள், வார விடுமுறையிலோ ஷிப்டு இல்லாத வேளையிலோ, அரை நாள் ஒதுக்க நம்மால் முடியாதா?

இதற்குக் காசு வேண்டாம். அவர்களிடம் காசு வாங்கவும் கூடாது. வைத்தியம் பற்றி நாமாக யோசனை சொல்லாமல், டாக்டர் சொல்வதை எடுத்துச் சொன்னால் போதும். தமிழர் என்று பார்த்துச் செய்வதும் தகாது. பீகாரிலிருந்து வந்த தொழிலாளியானாலும் பக்கத்து வீட்டுக் கன்னடத்துப் பாட்டியானாலும் துன்பம் ஒன்றே.

ஊரை விட்டு வந்தவனை வாட்டுவது பணக் கஷ்டம் மட்டுமல்ல. 'இங்கே நான் யாருக்கு வேண்டியவன்?' என்ற எண்ணமும்தான். பிறருக்குத் துணை நிற்பவனுக்கு அந்தக் கேள்வி எழுவதில்லை. தமிழ்ச் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் விருப்பமுள்ளவர்களைத் திரட்டி, யார் எந்த நாளில் போவது என்று முறை வகுத்துத் தரட்டும். நாம் ஆளுக்கு அரை நாள் கொடுப்போம்.