கடல் இல்லாத ஊரில் கலங்கரை விளக்கம்



விக்கிரமங்கலத்தில் இருந்துகொண்டு கலங்கரை விளக்கப் பட அஞ்சலட்டைகளைச் சேர்ப்பதா, கடல் எங்கே என்கிறீர்களா? நம் அரியலூர் மண்ணே 6 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு கடலடியில் கிடந்ததுதான்! வாரணவாசி அருங்காட்சியகத்தில் கல்லாகிப்போன கடல் உயிரினங்களைப் பாருங்கள்.

அட்டைகளை வரிசையாக வைத்தால் ஒன்று தெரியும். மாமல்லபுரத்தில் கருங்கல் கோபுரம்; சென்னை மெரினாவில் 1977-ல் வந்ததோ சிவப்பு, வெள்ளைப் பட்டை. ஏன் வேறு வேறு? பகலில் அதைப் பார்த்தே இது எந்தக் கரை என்று மாலுமி கண்டுகொள்வார். இரவிலோ, விளக்கு மின்னும் கணக்கு இடத்துக்கு இடம் மாறும். ஸ்பெயினின் ஹெர்குலிஸ் கோபுரம் ரோமானியர் கட்டியது, இன்றும் எரிகிறது!

செல்போனில் ஆயிரம் படம் கிடைக்கும்தான். அதில் தபால் முத்திரை விழாதே! தபால்காரர் பையில் இப்போது வங்கிக் கடிதங்கள்தான் அதிகம். வெளியூர்ச் சொந்தக்காரர்களை அட்டையாகவே அனுப்பச் சொல்லுங்கள். தபால்தலையை மட்டும் கிழித்தெடுப்பது எனக்குப் பிடிக்காது. ஊரும் தேதியும் உள்ள முத்திரையோடு அப்படியே வையுங்கள். மினிக்காய் விளக்கின் நூற்றாண்டுக்கு 1985-ல் வந்த தபால்தலை கிடைத்தால் விடாதீர்கள்.

பதில் போட உள்நாட்டுக்கு 50 பைசா அட்டை போதும். சிங்கப்பூர், துபாய் என்றால் கட்டணத்தைத் தபால் நிலையத்தில் கேளுங்கள். வீட்டில் பெரியவர்களைக் கேட்காமல், அறிமுகம் இல்லாதவருக்கு முகவரி தராதீர்கள்.