அரக்கோணம் லோக்கலில் ஆபீஸ் மீட்டிங்

அரக்கோணத்தில் இருந்து காலையில் சென்னைக்குக் கிளம்பும் லோக்கலில் ஒருமுறை ஏறிப் பாருங்கள். உண்மையான ஆபீஸ் மீட்டிங் அங்கேதான் நடக்கிறது. எந்த மெஷின் எப்போது காலை வாரும், எந்த மேனேஜர் எந்தக் கணக்கை மறைக்கிறார்... திருவள்ளூர் வருவதற்குள் அத்தனையும் அலசிவிடுகிறார்கள். பத்து மணிக்கு அதே ஆட்கள் கான்ஃபரன்ஸ் ஹாலில் உட்கார்ந்து, ‘எல்லாம் நல்லா போய்க்கிட்டிருக்கு சார்’ என்பார்கள்.

கோழைகளா? இல்லை, அனுபவசாலிகள். நானும் பி.காம். முடித்த கையோடு ஒரு கம்பெனியில் சேர்ந்து, ‘ஸ்டாக் கணக்கு இடிக்குது சார்’ என்று மீட்டிங்கில் சொன்னவன்தான். அடுத்த வாரமே குடோனுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கிருந்த பெரியவர் கேட்டார்: ‘ஏன் தம்பி, இது உனக்கு மட்டும்தான் தெரியும்னு நெனச்சியா?’

அரக்கோணத்தைத் தாண்டி காட்பாடி பாதையில் இருக்கிறது சித்தேரி. 2011 செப்டம்பர் 13 இரவு, அங்கே சிக்னலுக்காக நின்றிருந்த காட்பாடி பாசஞ்சர் மீது, பின்னால் வந்த வேலூர் கன்டோன்மென்ட் மின்சார ரயில் மோதியது. 10 பேர் இறந்தார்கள். டிரைவர் சிவப்பு சிக்னலைத் தாண்டிவிட்டார், வேகமும் அதிகம் என்றார்கள். இருக்கட்டும். என் கேள்வி வேறு. ‘ஒரு நொடி கண் அசந்துட்டேன், கடைசி நேரத்துல பிரேக் போட்டுத் தப்பிச்சேன்’ என்று ஒரு டிரைவர் தன் அதிகாரியிடம் தைரியமாகச் சொல்ல முடியுமா? சொன்னால் மெமோ வரும். சொல்லாவிட்டால் சம்பளம் வரும். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

சரி, சொன்னால் மட்டும் கேட்கிறார்களா? 2023 பிப்ரவரியில் கர்நாடகத்தின் ஹொசதுர்கா ரோடு நிலையத்தில் ஒரு எக்ஸ்பிரஸ் தவறான தண்டவாளத்தில் போக இருந்தது. டிரைவர் கவனித்து நிறுத்தினார். சிக்னல் அமைப்பில் உள்ள கோளாறை விளக்கி, தென்மேற்கு ரயில்வேயின் உயர் அதிகாரி ஒருவரே எச்சரிக்கைக் கடிதம் எழுதினார். அந்த ஜூன் 2-ம் தேதி பாலசோர் விபத்து. பலி 290-க்கும் மேல். விசாரணையில் இன்னொன்றும் வெளிவந்தது. 2022 மே மாதம், அதே கரக்பூர் கோட்டத்தில் இதே மாதிரி வயரிங் தப்பு நடந்திருக்கிறது. அப்போதே சரிசெய்திருந்தால் இந்த விபத்து நடந்திருக்காது என்று ரயில்வே பாதுகாப்பு கமிஷனரே எழுதினார்.

ரயில்வேயை மட்டும் திட்டிவிட்டு நீங்கள் தப்பிக்க வேண்டாம், கம்பெனி முதலாளிகளே! சரக்குக்குக் கவுன்ட்டரில் மரியாதை இல்லையென்றால் கள்ளச் சந்தைக்குத்தான் போகும். தகவலும் அப்படித்தான். விஷயம் தெரிந்தவன் பதுக்கிவைத்து, யார் காதில் எப்போது போட்டால் யார் சீட்டு கிழியும் என்று கணக்குப் போடுகிறான். அதற்குப் பெயர்தான் ஆபீஸ் பாலிடிக்ஸ். அதை வளர்த்துவிட்டு, சுவரில் ஒரு யோசனைப் பெட்டி மாட்டுகிறீர்கள். பெட்டியின் சாவி யாரிடம்? அதே மேனேஜரிடம்!

அமெரிக்க விமானத் துறை 1976-லேயே சாவியை வேறு கையில் கொடுத்தது. பைலட் தன் தவறை எழுதி அனுப்புவது தண்டிக்கிற துறைக்கு அல்ல, நாசாவுக்கு. பெயரை நீக்கிவிட்டுத்தான் விஷயத்தை வெளியே விடுவார்கள். தெரியாமல் செய்த தவறை பத்து நாட்களுக்குள் சொன்னால் அபராதமோ, லைசென்ஸ் ரத்தோ கிடையாது.

‘இப்படி விட்டால் டிசிப்ளின் போயிடுமே!’ என்று ஒரு எம்.டி. என்னிடம் பதறினார். குற்றச் செயலுக்கும், விபத்தில் முடிந்ததற்கும் அங்கேயும் மன்னிப்பு இல்லை என்றேன். ‘எதுக்கு அதெல்லாம்? என் ரூம் கதவு எப்பவும் திறந்துதானே இருக்கு’ என்றார். கெட்ட செய்தியோடு அந்தக் கதவு வழியாகக் கடைசியாக வந்தவர் இப்போது எந்த செக்ஷனில் இருக்கிறார் என்று கேட்டேன். காபி ஆறுகிறது, குடியுங்கள் என்றார்.