விலை ஒன்று, தொலைவு வேறு: அந்தமான் தீவுகளில் மருந்துச் செலவின் மறுபக்கம்

ஒரு மாத்திரை அட்டையில் அச்சிடப்பட்டுள்ள அதிகபட்ச சில்லறை விலை குருகிராமில் எவ்வளவோ, இந்தியாவின் தென்கோடியில் உள்ள கிரேட் நிக்கோபார் தீவின் கேம்ப்பெல் பேயிலும் அவ்வளவே. அத்தியாவசிய மருந்துகளுக்கு நிர்ணயிக்கப்பட்ட உச்சவரம்புக்கு மேல் விற்க, 2013-ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை நாட்டின் எந்த மூலையிலும் அனுமதிப்பதில்லை.

ஆனால் அந்த அட்டை சென்னையிலிருந்து கப்பலில் புறப்பட்டால், சுமார் 1,200 கி.மீ. கடல் கடந்து, 2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர் என்று அழைக்கப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்தை அடையவே ஏறத்தாழ மூன்று நாள்கள் ஆகும். அங்கிருந்து கேம்ப்பெல் பேய் மேலும் 500 கி.மீ.க்கு அப்பால் உள்ளது. இந்தத் தொலைவின் செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு விலைக் கட்டுப்பாட்டில் பதில் இல்லை.

தேசிய அளவில் போக்கு சாதகமாகவே தோன்றுகிறது. தேசிய சுகாதாரக் கணக்கு மதிப்பீடுகளின்படி, மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தங்கள் கையிலிருந்து கொடுக்கும் பங்கு 2013-14-இல் 64.2 சதவீதமாக இருந்து, 2021-22-இல் 39.4 சதவீதமாகக் குறைந்தது. (கரோனா காலத்தில் அரசின் செலவு உயர்ந்திருந்ததால், இந்த வீழ்ச்சியைச் சற்று நிதானத்துடன் படிக்க வேண்டும்.) மொத்தவிலைக் குறியீட்டெண் அடிப்படையில் அத்தியாவசிய மருந்துகளுக்கு அனுமதிக்கப்பட்ட ஆண்டு விலை உயர்வும் 2023-இல் 12.12 சதவீதமாக இருந்து, 2024-இல் ஏறக்குறைய பூஜ்யமாகி, 2025-இல் 1.74 சதவீதத்தில் நின்றது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

இந்தப் போக்குக்கு மாறான ஒரு முடிவும் உண்டு. 2024 அக்டோபரில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம், ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமால், மனநல சிகிச்சைக்கான லித்தியம் உள்ளிட்ட 8 மருந்துகளின் 11 வகைகளுக்கு உச்சவரம்பை 50 சதவீதம் உயர்த்தியது. கட்டுப்படியாகாத விலையில் உற்பத்தியைத் தொடர முடியாது என்று நிறுவனங்கள் முறையிட்டிருந்தன. விலை மிகவும் குறைந்தால் மருந்தே சந்தையிலிருந்து மறைந்துவிடும் என்பதை அரசு இதன் மூலம் ஏற்றுக்கொண்டது எனலாம்.

தீவுகளில் அதே ஆபத்து உற்பத்தியாளரிடம் அல்ல, கடைக்காரரிடம் தொடங்குகிறது. உச்சவரம்பு விலைச் சூத்திரத்தில் சில்லறை விற்பனையாளருக்கு 16 சதவீத லாப வரம்பு வைக்கப்பட்டுள்ளது. கடல்வழிச் சரக்குக் கட்டணத்துக்கெனத் தனி இடம் இல்லை. விலையை உயர்த்த முடியாத கடைக்காரர் செய்யக்கூடியது ஒன்றுதான்: குறைவாக விற்கும் மருந்தை வாங்கி வைக்காமல் விடுவது.

மலிவு விலை மருந்துகளில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுகிறது. 50 முதல் 80 சதவீதம் வரை குறைந்த விலையில் விற்கும் மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களில் கடைக்காரருக்கு 20 சதவீத லாபம் கிடைக்கிறது. ஆனால் விலையே குறைவு என்பதால், ரூபாய்க் கணக்கில் அந்த லாபம் சிறியது. சரக்குக் கட்டணமோ பெட்டியின் எடைக்கும் அளவுக்கும் உரியது. உள்ளே இருப்பது மலிவு மாத்திரையா, விலையுயர்ந்த பிராண்டா என்று கப்பல் பார்ப்பதில்லை. தீவுப் பகுதிகளில் மருந்தகம் தொடங்குவோருக்குக் கணினி, அறைகலன்களுக்காக ஒருமுறை வழங்கப்படும் கூடுதல் 2 லட்சம் ரூபாய் கடையைத் திறக்க உதவும். மாதந்தோறும் வரும் சரக்குக் கட்டணத்துக்கு அது பரிகாரம் ஆகாது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் 3.8 லட்சம் பேர் வசித்தனர். அவர்களில் ஏறத்தாழ 15 சதவீதத்தினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். தனியார் மருத்துவத் துறை மிகச் சிறியது. தலைநகரின் ஜி.பி. பந்த் மருத்துவமனை, கார் நிக்கோபாரின் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் மருத்துவமனை, தீவுகள்தோறும் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஆகியவற்றையே மக்கள் நம்பியுள்ளனர். அங்கு மருந்து இலவசம். அதனால் குடும்பச் செலவு தொடங்குவது, அரசு மருந்துக் கவுன்ட்டரில் கையிருப்பு தீரும் நாளில்தான். கிடைக்கும் பிராண்டை முழு விலைக்கு வாங்கலாம். தலைநகருக்குச் செல்வோரிடம் சொல்லி அனுப்பலாம். அல்லது அடுத்த கப்பல் வரும்வரை மாத்திரையை நிறுத்தலாம். ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு மூன்றாவது வழி பக்கவாதத்தில் முடியக்கூடும். ஆனால் அது எந்த மருந்துச் செலவுக் கணக்கிலும் பதிவாகாது. மாத்திரை வாங்காதவர் புள்ளிவிவரத்தில் செலவு மிச்சப்படுத்தியவராகவே தெரிவார்.

காப்பீடும் இங்கே முழுமையாக உதவுவதில்லை. ஆயுஷ்மான் பாரத் திட்டம் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. வீடு திரும்பிய பின் 15 நாள் மருந்துச் செலவை ஏற்கும். பதினாறாம் நாள் முதல் ஆயுள் முழுவதும் தேவைப்படும் மாத்திரை அதன் வரம்புக்கு வெளியே நிற்கிறது.

மருத்துவ ஆலோசனையைப் பொறுத்தவரை தொலைவு பெருமளவு சுருங்கிவிட்டது. 2020 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட, சுமார் 2,300 கி.மீ. நீளமுள்ள சென்னை - அந்தமான் கடலடிக் கேபிள், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் வரை எட்டுகிறது. மருத்துவரின் பரிந்துரை நொடிப்பொழுதில் வந்து சேரும். 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் காக்கப்பட வேண்டிய இன்சுலின் மட்டும், பருவமழைக் கடலின் மனநிலைக்குக் காத்திருக்க வேண்டும்.

இத்தகைய தொலைவை எதிர்கொண்ட முன்மாதிரிகள் உள்ளன. ஆஸ்திரேலியா 1999 முதல், தொலைதூரப் பழங்குடியினர் சுகாதார நிலையங்களுக்கு மருந்துகளை மொத்தமாக அனுப்பி, நோயாளிக்கு அங்கேயே இலவசமாக வழங்கச் செய்கிறது. தமிழகத்தின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் முதல் நீரிழிவு, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு செல்கிறது. தீவுகளுக்கும் சரக்கு மானியம் புதிதல்ல. 1971-இல் தொடங்கிய மத்திய அரசின் போக்குவரத்து மானியத் திட்டத்தில் அந்தமானும் இடம்பெற்றிருந்தது. ஆனால் அது தொழிற்சாலைகளின் மூலப்பொருளுக்கும் உற்பத்திப் பொருளுக்கும் உரியதாக இருந்தது.

மக்கள் மருந்தகங்களை 2027 மார்ச்சுக்குள் 25,000 ஆக உயர்த்துவது மத்திய அரசின் இலக்கு. அதன் மண்டலக் கிடங்குகளில் ஒன்று சென்னையில் உள்ளது. அங்கிருந்து தீவுக் கடைகளுக்குச் செல்லும் பெட்டிகளின் கப்பல் கட்டணத்தைத் திட்டமே ஏற்பதும், ஒவ்வொரு தீவிலும் எந்த மருந்து எத்தனை நாள் கையிருப்பில் இல்லை என்பதை மாதந்தோறும் வெளியிடுவதும், புதிய சட்டம் எதுவும் இன்றி நிர்வாக ஆணையாலேயே செய்யக்கூடியவை.